காலைக் கிழித்த கற்கள்

டெரிமூர் தோட்டம்,
கீழ்ப்பிரிவு,
ஹாலிஎல.
07.07.2024

விதுஷாவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுத மனம் வரவில்லை. நாங்கள் நலமாக இல்லை. அது யாரால் என்று உனக்கே தெரியும்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். உன் அண்ணன் தன் போனிலிருந்தும் என் போனிலிருந்தும் உன் நம்பரை அழித்துவிட்டார். அழித்தால் என்ன, எனக்கு அது மனப்பாடம். ஆனால் பேசத் தொடங்கினால் நான் கத்துவேன், நீ அழுவாய், ஒரு வேலையும் நடக்காது. எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. எனக்கு அதுதான் வசதி.

போன மாதம் லீவில் வந்தாய். கோழிக் குழம்பு வைத்துக் கொடுத்தேன். தின்றுவிட்டு, "அண்ணி, நம்ம வீட்டு அத்திவாரத்தப் பாத்துட்டு வாறேன்" என்று கிளம்பிப் போனாய். அங்கே வீடு என்று சொல்ல என்ன இருந்தது? பதினான்கு குடும்பத்துக்கு வெட்டிய பதினான்கு குழிகள். ஆனாலும் நீ பார்க்கப் போகிறாய் என்று எனக்குப் பெருமைதான். ஒரு மணித்தியாலம் கழித்துக் கை நிறைய வெள்ளைக் கல்லோடு ஓடி வந்தாய். பிடித்த மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தவள் மாதிரி முகமெல்லாம் சிவந்து கிடந்தது. போட்டோ எடுத்தாய், யாருக்கோ அனுப்பினாய், பஸ் ஏறிப் போய்விட்டாய்.

நீ போன நாலாம் நாள் ஜீப் வந்தது. உங்கள் தொல்பொருள் ஆய்வுக் குழுக்காரர்கள் இறங்கி, குழிகளைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டினார்கள். "இங்க ஆதி மனுசன் குடியிருந்திருக்கான் போல. நாங்க தோண்டிப் பாத்து முடிக்கிற வரைக்கும் மண்வெட்டி படக்கூடாது" என்று கணக்கப்பிள்ளையிடம் சொன்னார்கள். "எப்ப முடியும்?" என்று உன் அண்ணன் கேட்டார். அவர்கள் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்கள்.

விது, நாங்கள் குடியிருக்கிற லயத்து வரிசையின் பின்சுவர் வெடிப்பை நீ பார்த்தாயா? போன வருடம் அதற்குள் என் விரல் போனது. இப்போது கை போகிறது. இங்கே இருக்க வேண்டாம், மேலே உள்ள மண் இறங்கும் என்று அதிகாரிகள் வந்து எழுதிக் கொடுத்து மூன்று வருடமாகிறது. போக இடம் கொடுத்தது இப்போதுதான். ஐப்பசியில் பிடிக்கிற மழை தை மாதம்வரை விடாது. மழை நாட்களில் உன் அண்ணன் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நான் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். இந்த மழைக்கு முன்னால் கூரை போட்டுவிடலாம் என்றுதான் அவர் ஞாயிற்றுக்கிழமைகளிலும் மண் சுமந்தார்.

செத்து மண்ணோடு மண்ணாய்ப் போனவனுக்கு இடம் பிடித்துக் கொடுத்தாய். உயிரோடு இருக்கிற நாங்கள் எங்கே போக? பதில் எழுது. அண்ணன் பெயருக்கு எழுதாதே, கிழித்துப் போடுவார். என் பெயருக்கே எழுது.

ஜீவராணி


ஆய்வு முகாம்,
வெலிமடை.
15.07.2024

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் கத்தவில்லை என்று நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு நன்றாகவே கேட்டது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டு வேலையை நிறுத்துவார்கள் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. ஒரு மூலையில் சின்னதாக வேலி போடுவார்கள், நான்கு பேர் வந்து படம் எடுப்பார்கள் என்று நினைத்தேன். இல்லை, இதுவும் முழு உண்மை இல்லை. வீட்டைப் பற்றி நான் நினைக்கவே இல்லை, அண்ணி. குழிக்குள் இறங்கியதும் கல்லை மட்டும்தான் பார்த்தேன். அந்த வெட்கத்தில்தான் இத்தனை நாள் பேசாமல் இருந்தேன்.

அது என்ன கல் என்று சொன்னால் கொஞ்சமாவது என்னை மன்னிப்பீர்களோ என்னவோ. நகத்தளவு கல். ஒரு ஓரம் மழுங்கி விரலுக்கு அடங்கும். மறு ஓரம் பிளேடு. தானாக உடைந்த கல் அப்படி இருக்காது. யாரோ ஒருவர் வெள்ளைப் படிகக் கல்லை வைத்து, இன்னொரு கல்லால் தட்டித் தட்டி எடுத்தது. அதை மரப்பிசின் போட்டுக் குச்சியில் ஒட்டி, குரங்கையும் மர அணிலையும் வேட்டையாடியிருக்கிறார்கள். தோலை உரித்திருக்கிறார்கள். அப்போது நெல் இல்லை, இரும்பு இல்லை, மண்சட்டிகூட இல்லை. காட்டு வாழையும் கொட்டைகளும் நத்தையும்தான் சாப்பாடு. பத்தாயிரம் வருடத்துக்கு முன்னாலோ, அதற்கும் முன்னாலோ, நம் மலைகளில் அப்படி மனிதர்கள் நடந்து திரிந்தார்கள். பண்டாரவளைப் பக்கம் இந்த மாதிரிக் கற்கள் நிறையக் கிடைத்திருக்கின்றன. நம் தோட்டத்தில் கிடைத்ததை யாரும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

கம்பஸில் என்னோடு படித்த ஒருத்தி, "ஒங்கட ஆக்கள் தேயிலையோட வந்தவங்கதானே, ஒங்களுக்கு என்னத்துக்கு இந்தப் படிப்பு" என்று கேட்டிருக்கிறாள். அந்தக் கேள்வி தொண்டையில் முள்ளாகவே இருந்தது. நம் லயத்துக்கு நூறு மீற்றர் தூரத்தில் இவ்வளவு பழைய இடம், அதைக் கண்டது நான் என்றபோது எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. குழுவின் தலைவர் ஸாஹிர் சேர் பதுளைக்காரர். லேசில் யாரையும் பாராட்ட மாட்டார். அறிக்கையில் என் பெயர் வரும் என்று அவரே சொன்னார். தற்காலிக உதவியாளராகக் கல் கழுவுகிற எனக்கு இது பெரிய விஷயம்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. கல்லைத் தட்டிச் செய்த இடத்தில் பொடிப்பொடியாகச் செதில்கள் ஆயிரக்கணக்கில் கிடக்க வேண்டும். தச்சன் வேலை செய்த இடத்தில் சீவல் கிடப்பது போல. நம் குழிகளில் செதிலே இல்லை. எல்லாமே கூரான கல். மழை அடித்துக்கொண்டு போயிருக்கும் என்கிறார் சேர்.

ஐப்பசிக்கு முன்னால் தோண்டி முடியுமா என்று கேட்டேன். இங்கேயே வேலை முடியவில்லை, உறுதி சொல்ல முடியாது என்றார். இதை எழுதவே கை கூசுகிறது.

அண்ணன் சாப்பிடுகிறாரா?

விதுஷா


டெரிமூர்,
29.07.2024

விது,

உன் அண்ணன் நன்றாகச் சாப்பிடுகிறார். கோபம் வந்தால் அவருக்கு ஒரு கோப்பை சோறு கூட வேண்டும். பேச்சுத்தான் குறைந்துவிட்டது.

என் கதையைக் கேள். காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் போனால் ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் மற்றவர்கள். "ஜீவராணி, ஒன் நாத்தனா புடிச்ச ஆதி மனுசனுக்குச் சோறு போட்டுட்டு வந்தியா?" என்று கொழுந்து எடுக்கும் நிரையில் சத்தமாகக் கேட்கிறார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. "போட்டுட்டுத்தான் வந்தேன், ஒன் புருசன விட நாகரிகமா சாப்பிட்டான்" என்றேன். சிரித்தார்கள். சிரித்துவிட்டு மறுபடியும் பேசாமல் இருந்துவிட்டார்கள். பதினான்கு வீட்டுக்காரர்களுடைய வயிற்றெரிச்சலும் என் தலையில்தான்.

ஆதி மனிதனைப் பற்றி நீ எழுதியதை இரண்டு தரம் படித்தேன். பாவம்தான். குரங்கைத் துரத்திக்கொண்டு, நத்தையை உறிஞ்சிக்கொண்டு, இந்தக் குளிரில். அட்டைக்கடிக்கு அவன் என்ன போட்டான் என்று தெரிந்தால் எழுது, எங்களுக்கும் உதவும். நீ விட்டுப்போன கல் ஒன்று ஜன்னலில் கிடந்தது. அதை வைத்து ஒரு கருவாட்டை அறுத்துப் பார்த்தேன். பொய் சொல்லக்கூடாது, என் கத்தியை விட நன்றாக அறுத்தது.

ஆனால் அந்தக் கல்லைப் பார்த்து நீ ஏன் அப்படி மயங்கினாய் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. இந்தக் கல்லை அறியாதவர்கள் மலையில் யார் இருக்கிறார்கள்? முள்ளுக் குத்தி மண்ணைக் கிளறும்போதும் கவ்வாத்துக்குச் செடி வெட்டும்போதும் காலைக் கிழிக்கிற கல் இதுதான். ரத்தம் பார்த்த கல்லைத் திரும்ப மலையில் போடக்கூடாது. போட்டால் அது அடுத்தவர் காலைத் தேடும். தேயிலை இலையில் சுற்றி மடியில் கட்டி, வேலை முடிந்து வரும்போது கவ்வாத்துச் சாமி காலடியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். வீட்டுக்கு வந்து வாய் திறக்கக்கூடாது. கல்யாணமாகி வந்த முதல் வருடமே நானும் ஒன்று போட்டேன். ஒன்பதாம் நம்பர் மலையில் குத்தியது. உன் அண்ணன் குறைந்தது நாலு போட்டிருப்பார். உன் அம்மாவும் போட்டிருப்பார். நாங்கள் காலம் காலமாகக் கொண்டுபோய்க் குவித்த கல்லுக்காக எங்களையே வெளியே நிறுத்துகிறீர்களே, அதுதான் எனக்கு ஆற்றாமை.

உனக்கு இது தெரியாதது உன் குற்றமில்லை. உன்னை ஒரு நாளாவது மலையில் கால் வைக்க உன் அம்மா விட்டாரா? ஆறாம் வகுப்பிலேயே பண்டாரவளைக்கு அனுப்பிவிட்டார்.

நேற்று ஒரு தூறல் விழுந்தது. ஆடியில் தூறினால் என்ன வந்துவிடும்? ஆனால் உன் அண்ணன் எழுந்து போய்ச் சுவரில் கை வைத்துப் பார்த்தார்.

அண்ணி


வெலிமடை,
05.08.2024

அண்ணி,

உங்கள் கடிதத்தை எத்தனை தரம் படித்தேன் என்று எண்ணவில்லை. கருவாட்டைப் படித்துச் சிரித்துக்கொண்டே வந்தவள், அடுத்த பத்தியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் சும்மா ஆற்றாமையில் எழுதியது எங்கள் எல்லார் தலையிலும் குட்டு வைத்தது மாதிரி. கற்கள் அந்த இடத்துக் கற்களே இல்லை. சாமி இருப்பது வீட்டு நிலத்துக்கு மேல் மூலையில். அங்கே நீங்கள் போட்ட கல், மழைக்கு மழை மண்ணோடு இறங்கி, கீழே நம் அத்திவாரக் குழி வெட்டிய மண் வரைக்கும் வந்திருக்கிறது. செதில் ஏன் இல்லை என்பதும் இப்போது விளங்குகிறது. பொடிச் செதில் யார் காலையும் கிழிக்காதே! கிழித்த கல்லை மட்டும்தான் நீங்கள் பொறுக்கி வந்திருக்கிறீர்கள். ஆதி மனிதன் குடியிருந்தது வேறெங்கோ. வீட்டு நிலத்தில் யாரும் குடியிருக்கவில்லை.

சந்தோஷமான செய்திதானே, உடனே ஓடிப்போய் ஸாஹிர் சேரிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. இரண்டு நாள் சொல்லவில்லை, அண்ணி. உங்களிடம் மறைக்க மாட்டேன். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். நான் கண்டுபிடித்தேன் என்று எல்லாரும் கை கொடுத்த விஷயம் என் ஊர் ஆட்கள் ஒதுக்கிப் போட்ட கல் என்று எப்படிச் சொல்வது? சொந்தத் தோட்டத்து வழக்கம் தெரியாதவள் பத்தாயிரம் வருடத்து ஆட்களைப் பற்றிப் பேசினாளே என்று சிரிக்க மாட்டார்களா? வேலை போனால் அண்ணனிடம் எந்த முகத்தோடு வருவேன்? இப்படியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் இங்கே ஒரு மழை பெய்தது. பெரிய மழை இல்லை. உங்கள் மடியில் பிள்ளை இருப்பது ஞாபகம் வந்தது. எழுந்து போய்ச் சொல்லிவிட்டேன்.

சேர் கடிதத்தை வாங்கிப் படித்தார். பிறகு, "இத முதல்லயே ஏன் புள்ள விசாரிக்கல்ல?" என்றார். "ஒருத்தர்ட கடிதத்த வெச்சி நான் கயிற அவுக்க ஏலா. அந்த ஆக்கள் என்கிட்ட நேரா சொல்லணும். எந்தக் கல்லு எந்த மலையில இருந்து வந்ததெண்டு தெரியணும்" என்றார். என்னைக் கூட்டிக்கொண்டு வர மாட்டாராம். நான் இருந்தால் நான் சொல்லிக் கொடுத்து நீங்கள் பேசுவதாக ஆகிவிடுமாம்.

சொல்லக்கூடாது என்பது வழக்கத்தில் ஒரு பாதி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதனால் கேட்கவே தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். யாராவது வாய் திறப்பார்களா? பதினெட்டாம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலையில் சேர் வருகிறார்.

விதுஷா


டெரிமூர்,
20.08.2024

என் தங்கமே விது,

மெல்ல மெல்லச் சொல்கிறேன், அவசரப்படாதே. கயிறு இன்னும் இருக்கிறது. ஆனால் எனக்கு இன்றைக்கு மூச்சு விட முடிகிறது.

உன் கடிதத்தை உன் அண்ணனிடமே நீட்டினேன். இனி ஒளித்து என்ன பயன்? அவர் படித்தார். "ரெண்டு நாள் சொல்லலையாமா?" என்று அதையே இரண்டு தரம் கேட்டார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, சாமிக்குப் பூசை வைக்கிற கணபதி அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்.

அங்கே ஒரே சண்டையாம். வெளியாளிடம் சொன்னால் சாமி குத்தம் என்று கணபதி அண்ணன் ஒற்றைக் காலில் நின்றிருக்கிறார். அப்போது கருப்பம்மா உள்ளே வந்திருக்கிறாள். அவளுக்கு எழுபது வயதாகிறது, யாருக்கும் பயப்பட மாட்டாள். "சாமி கல்லத்தான் கேட்டாரு. என் பேரன சொவத்துக்கடியில படுக்கப் போடச் சொல்லிக் கேட்டாரா? நான் சொல்றேன், குத்தம் என் தலையில வரட்டும்" என்றாளாம். அதற்குமேல் யார் என்ன பேச முடியும்? சாமிக்கு ஒரு தேங்காய் உடைத்து, எங்களுக்கு வேறு வழியில்லை என்று சொல்லி உத்தரவு வாங்கினார்கள். பூ வலப்பக்கம் விழுந்தது. விழாவிட்டாலும் கருப்பம்மா சொல்லியிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் சேர் வந்தார். நல்ல மனுசன், வெற்றிலைக்கறை இல்லாத பல். வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடுகிற பிள்ளைமடுவத்து முற்றத்தில் நாற்காலி போட்டு, தோட்டத்து வரைபடத்தை மேசையில் விரித்து வைத்தார். "எந்த மலையில எடுத்ததெண்டு எப்பிடி ஞாபகம் இரிக்கும்?" என்று முதலில் சந்தேகமாகத்தான் கேட்டார். கருப்பம்மா எழுந்து வந்தாள். சேலையைக் கணுக்காலுக்குமேல் தூக்கிப் பிடித்து, வலது காலை அவர் முன்னால் நீட்டினாள். "இது ஒம்பதாம் நம்பர். தண்ணிப் பீலிக்கு மேல, மூணாவது நிரை. எழுவத்தொம்பதுல. இந்தா இது பதினொண்ணு, மேட்டுல. என் மூத்தவன் வயித்துல இருந்தான்."

பிறகு ஒவ்வொருத்தராக வந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்பத்துமூன்று பேர் காலை நீட்டினோம். பாதத்தில், குதிகாலில், பெருவிரல் சந்தில். ஒரு தழும்புக்கு ஒரு மலை, ஒரு நிரை. எந்த நாள் என்பது மறந்தவர்கள் உண்டு, எந்த இடம் என்பதை ஒருவரும் மறக்கவில்லை. மலையில் ரத்தம் வந்த இடம் எப்படி மறக்கும்? சேர் ஒவ்வொரு தழும்புக்கும் சிவப்புப் பென்சிலால் வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்தார். கணபதி அண்ணனுக்கு ஏழு தழும்பு. அதுவரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர், தன்னுடையதுதான் ஆகக் கூட என்று தெரிந்ததும் ஒரே பெருமை. எட்டாவதாக ஒன்றைக் காட்டினார். "அது கல்லு இல்ல, ஒங்க மச்சான் ஒடச்ச போத்தல்" என்று அவர் பெண்சாதி கத்திவிட்டாள். சேரே சிரித்துவிட்டார்.

நானும் காலை நீட்டினேன். கொஞ்சம் கூச்சமாக இருந்தது. படித்த ஆம்பிளை முன்னால் வெடிப்பு விழுந்த காலை எப்படி நீட்டுவது? ஆனால் அவர் காலைப் பார்க்கிற மாதிரிப் பார்க்கவில்லை. வாசிக்கிற மாதிரிப் பார்த்தார்.

முடிந்ததும் வரைபடத்தைத் தூக்கிக் காட்டினார். எல்லாப் புள்ளியும் ஒரே இடத்தில் மொய்த்துக் கிடந்தது. ஒன்பதாம் நம்பர் பீலிக்கு மேலே, பதினொன்றாம் நம்பர் விளிம்பு வரைக்கும். வீடு கட்டுகிற நிலத்தில் ஒரு புள்ளி இல்லை. "இப்பிடியொரு வரைபடம் நான் படிச்ச காலத்துல இருந்து காணல்ல" என்றார். தோட்டத் தொரையிடம் பேசி, சாமி மூலையிலும் ஒன்பதாம் நம்பரிலும் தோண்டிப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகப் போயிருக்கிறார். இரண்டு கிழமையாம்.

விது, தோண்டும்போது அந்த ஆதி மனிதன் நம் வீட்டு நிலத்தில் மட்டும் கிடைத்துவிடக்கூடாது. நான் சாமிக்கு நேர்ந்திருக்கிறேன். நீயும் உன் பங்குக்கு எதையாவது வேண்டிக்கொள்.

அண்ணி

பி.கு. இரண்டு நாள் மறைத்ததை எனக்கு எழுதினாயே, நான் என்றால் எழுதியிருக்க மாட்டேன்.


வெலிமடை,
10.09.2024

அன்புள்ள அண்ணி, அண்ணா இருவருக்கும்,

கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள்! நேற்று மாலை கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, தொரைக்கும் அனுப்பிவிட்டார் சேர். இது கைக்குக் கிடைக்க முன்பே நீங்கள் சீமெந்து குழைக்கத் தொடங்கியிருப்பீர்கள். ஆனாலும் என் கையால் எழுத ஆசைப்பட்டேன். வீட்டைக் கட்டுங்கள். வேகமாகக் கட்டுங்கள்.

சாமி மூலையில் தோண்டிய குழியில் என்ன கிடைத்தது தெரியுமா? கல், கற்பூரக் கரி, மறுபடியும் கல். எல்லாவற்றுக்கும் அடியில், இடுப்பளவு ஆழத்தில், ராஜா தலை போட்ட ஒரு சதக் காசு. காணிக்கையாகப் போட்டிருக்க வேண்டும். பத்தாயிரம் வருடத்துக் கல்லெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துக் காசுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் கீழே வெறும் மண். அதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஒன்பதாம் நம்பருக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். நீங்கள் எல்லாரும் பெரட்டில் இருந்த நேரம், வெட்கத்தில் எட்டிப் பார்க்காமல் போய்விட்டேன். பீலிக்கு மேலே ஒரு தட்டைப் பாறை இருக்கிறதே, தேத்தண்ணி நேரத்தில் நீங்கள் உட்காருகிற இடம், அதற்குப் பக்கத்தில் தேயிலை பட்டுப்போன வெற்றிடத்தில் தோண்டினோம். முழங்கால் ஆழத்தில் செதில் வந்தது. நான் தேடிய செதில்! கையால் அள்ளலாம் போல. அதற்கு நடுவே கரி, கருகிய கொட்டை ஓடுகள், ஒரு பக்கம் குழி விழுந்த கல் ஒன்று. அந்தக் குழியில் கொட்டையை வைத்துத்தான் உடைத்திருக்கிறார்கள். எலும்பு இல்லை. நம் புளித்த மண்ணில் எலும்பு தங்காதாம்.

அங்கே குந்தியிருந்தபோது ஒன்று உறைத்தது. பின்னாலுள்ள மேடு காற்றை மறைக்கிறது, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர், காலை வெயில் முதலில் அங்கேதான் விழுகிறது. நீங்கள் எதற்காக அங்கே உட்காருகிறீர்களோ அதற்காகத்தான் அவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் அவர்களை எத்தனையோ புத்தகங்களில் படித்திருக்கிறேன். அவர்களுக்கும் குளிர்ந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

என் வேலை போகவில்லை. "பிழைய வந்து சொன்ன புள்ளைய அனுப்பிட்டு நான் யாரை வெச்சிக்கொள்ற?" என்று சேர் கேட்டார். அறிக்கையில் என் பெயர் கடைசியில் சின்ன எழுத்தில் வரும். அதற்கு மேலே நாற்பத்துமூன்று பெயர் வருகிறது, எந்த மலை, எந்த நிரை என்பதோடு. கருப்பம்மாவுடையது முதலாவது.

அண்ணா, உங்கள் பெயர் பன்னிரண்டாவது. நான்கு தழும்பு. நான்கையும் நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஒரே அறையில் வளர்ந்தோம், உங்கள் காலை நான் பார்த்ததே இல்லை என்பதை நினைத்து அழுதேன். என்னை மன்னியுங்கள். நான் வரலாமா?

விதுஷா


டெரிமூர்,
02.12.2024

விது,

பதில் எழுத மூன்று மாதமா என்று நீ திட்டுவது கேட்கிறது. கல் சுமக்கிற கையால் பேனா பிடிக்க முடியுமா? பதினான்கு வீட்டுக்கும் பதினான்கு குடும்பமும் சேர்ந்து வேலை செய்தோம். ஒருவர் வீட்டுச் சுவரை எழுப்பிவிட்டு அடுத்தவர் வீட்டுக்குப் போவது. ஐப்பசி முழுக்கச் சுவர். கார்த்திகை பிறந்து நாலாம் நாள் கடைசி வீட்டுக்குத் தகரம் ஏறியது. பூச்சுப் பூசவில்லை, ஜன்னலுக்குச் சாக்குத்தான். ஆனாலும் அன்றைக்கே எல்லாரும் குடி வந்துவிட்டோம். நல்ல நாள் பார்க்கவில்லையே என்று கணபதி அண்ணன் முணுமுணுத்தார். வானத்தைக் காட்டினேன், அவரும் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

இந்த முறை மழை பிந்தியது, போன செவ்வாய்க்கிழமைதான் பிடித்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும், பழைய லயத்துப் பக்கம் லொறி கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். எல்லாரும் குடையோடு ஓடினோம். மேல்மண் இறங்கிப் பின்சுவர் அப்படியே உள்ளே விழுந்து கிடந்தது. எங்கள் ஒற்றை அறைக் காம்பராவும், பக்கத்து மூன்றும். நான் அடுப்பு வைத்திருந்த இடத்தில் இடுப்பளவு சேறு. பிள்ளையைப் படுக்க வைக்கிற மூலை எது என்று தேடிப் பார்த்தேன், மூலையே இல்லை. உள்ளே ஒரு கோழிகூட இல்லை, விது. ஒருவரும் இல்லை.

உன் அண்ணன் மழையில் நின்று தலைகளை எண்ணினார். பதினான்கு குடும்பம், அறுபத்திரண்டு பேர். இரண்டாந்தரமும் எண்ணினார். பிறகு மண்ணில் குந்தி, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சத்தம் போட்டு அழுதார். நான் கல்யாணம் கட்டி ஒன்பது வருடத்தில் அவர் அழுது பார்த்தது அதுதான் முதல் தரம். "அந்தப் புள்ள அந்த ரெண்டு நாளோட நிப்பாட்டினாளே. இன்னும் ரெண்டு மாசம் பேசாம இருந்திருந்தா?" என்றார். அப்படியே வீட்டுக்கு வந்து, "அவளுக்கு எழுது. வரலாமான்னு கேட்டா பாரு, கழுத, அவ வீட்டுக்கு வர அவளுக்கு உத்தரவு வேணுமா" என்றார். உன் நம்பரையும் என்னிடமே கேட்டு போனில் போட்டுக்கொண்டார். நான் மனப்பாடமாகச் சொன்னேன், ஒரு எண் தவறவில்லை.

தைப்பொங்கலுக்கு வா. முன்னறை உனக்கு. படுக்கும்போது கால் நீட்டலாம், யார் தலையிலும் இடிக்காது. உன் சேரையும் அழைத்து வா, கருப்பம்மா அவருக்கு என்னமோ கொட்டை வறுத்து வைத்திருக்கிறாளாம்.

இதை எழுதும்போதும் மழை விடவில்லை. தகரத்தில் பேயாட்டம் ஆடுகிறது. உன் அண்ணன் சுவருக்கு முதுகைக் காட்டிப் படுத்துக் குறட்டை விடுகிறார், பிள்ளை அவர் வயிற்றில் கால் போட்டுக் கிடக்கிறாள். எனக்கும் கண் சொக்குகிறது. பெய்யட்டும், விது. நன்றாகப் பெய்யட்டும்.

அண்ணி
ஜீவராணி